பரோடிட்டில் 12 வருடக் கட்டி: ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்று வந்தபின் எவ்வளவு காலம் விட்டு வைக்கலாம்?

தாலுகா_டாக்டர் (கேள்வி)

56 வயதுப் பெண். இடது காது மடலுக்குக் கீழே, பரோடிட் என்ற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியில், 12 வருடமாகக் கட்டி. இப்போது சுமார் 3.5 செ.மீ. வலி இல்லை, கையில் நன்றாக நகர்கிறது, தோல் சாதாரணமாக இருக்கிறது. புருவம் தூக்குவது, கண்ணை இறுக மூடுவது, பல்லைக் காட்டுவது, கன்னத்தை ஊதுவது நான்கும் இரு பக்கமும் சமம். கழுத்தில் நிணநீர் நெறி எதுவும் தட்டுப்படவில்லை. எஃப்.என்.ஏ.சி (மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்: ப்ளியோமார்ஃபிக் அடினோமா, அதாவது சாதுவான உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி.

"வலியே இல்லாத கட்டியை ஏன் கீறணும், கத்தி பட்டால் பரவிடும்" என்பது வீட்டார் வாதம். அவர்களிடம் பேசுவதற்கு முன் நான் தெளிவாக இருக்க வேண்டும். இது புற்றாக மாறும் அபாயம் உண்மையில் எவ்வளவு? எஃப்.என்.ஏ.சி-யை எந்த அளவு நம்பலாம்? இங்கே சிறு அறுவைக்கான மைனர் ஓ.டி. இருக்கிறது, ஒரு துண்டு எடுத்து பயாப்ஸி அனுப்பினால் உறுதியாகுமா, அல்லது அப்படியே மேலே அனுப்புவது நல்லதா?

தலைகழுத்து_சர்ஜன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. பரோடிட் கட்டியில் துண்டு எடுக்காதீர்கள். லோக்கல் கொடுத்துக் கட்டியை மட்டும் தோண்டி எடுக்கவும் வேண்டாம். இந்த நோயாளிக்கு மறுபடி மறுபடி கட்டி வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் முதல் அறுவைதான் தீர்மானிக்கிறது.

காரணம் கட்டியின் ஓட்டில் இருக்கிறது. ப்ளியோமார்ஃபிக் அடினோமாவுக்கு முழுமையான உறை கிடையாது. சில இடத்தில் தடிமன், சில இடத்தில் காகிதம் போல மெலிவு, சில இடத்தில் உறையே இல்லை. விரல் போன்ற நீட்சிகள் உறையைத் தாண்டிச் சுரப்பிக்குள் போயிருக்கும். பக்கத்தில் சிறு துணைக்கட்டிகளும் இருக்கலாம். உறையைப் பிடித்துக் கட்டியை மட்டும் உருவினால் இவை உள்ளேயே தங்கிவிடும். அப்படிச் செய்த பழைய தொகுப்புகளில் 20 முதல் 45 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்பியிருக்கிறது. சுற்றிலும் நல்ல சுரப்பித் திசுவோடு எடுத்தால் அது 5 சதவீதத்துக்குள் அடங்கும். உள்ளே இருக்கும் சளி போன்ற பொருள் ஒரு துளி சிந்தினாலும் அதில் உயிருள்ள செல்கள் இருக்கும். திரும்பி வரும்போது ஒற்றைக் கட்டியாக வராது. தழும்பு நெடுக, கொழுப்பில், தோலுக்கு அடியில், பரோடிட்டுக்குள் ஓடி முகத் தசைகளை அசைக்கும் முகநரம்பின் மேலேயே பத்து இருபது சிறு முடிச்சுகளாக வரும். அதுவும் 7, 10 வருடம் கழித்து. அப்போது முகநரம்பைக் காப்பாற்றுவது முதல் தடவையைப் போல எளிதல்ல.

இனி அபாயம். பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் கணக்கு இது: கட்டி வந்து 5 வருடத்துக்குள் என்றால் சுமார் 1.5 சதவீதம், 15 வருடம் தாண்டினால் 10 சதவீதத்தை ஒட்டி. இதை அப்படியே நோயாளியிடம் ஒப்பிக்கக் கூடாது என்பது என் கருத்து. அறுவைக்கு வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. 20 வருடமாக ஒன்றும் ஆகாமல் மருத்துவமனைப் பக்கமே வராதவர்கள் அதில் இல்லை, ஆகவே உண்மையான அபாயம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் காலம் கூடக் கூட அபாயம் கூடுகிறது என்ற போக்கில் சந்தேகம் இல்லை. அடினோமா வருவது பெரும்பாலும் 40, 50 வயதில். அதிலிருந்து பிறந்த புற்றோடு வருபவர்கள் சராசரியாகப் பத்து வருடம் மூத்தவர்கள். உங்கள் நோயாளி 56 வயதில், 12 வருடக் கட்டியோடு, சரியாக அந்த இடைவெளியில் நிற்கிறார். முகநரம்பு முழுதாக வேலை செய்கிறது, கட்டி நகர்கிறது, உடம்பு அறுவையைத் தாங்கும். எடுக்கச் சொல்வேன். இந்த வாரமே என்ற அவசரம் இல்லை. சில வாரங்களில் திட்டமிட்டுச் செய்யலாம்.

கட்டி எந்தச் சுரப்பியில் இருக்கிறது என்பதையும் எப்போதும் சேர்த்துப் பாருங்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் பெரும்பகுதி பரோடிட்டில்தான் வருகிறது, அவற்றில் சுமார் 80 சதவீதம் சாதுவானவை. தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில் வந்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அண்ணம், உதடு, கன்னத்தின் உட்புறச் சிறு சுரப்பிகளில் பாதி அல்லது அதற்கு மேல் புற்று. நாக்கடிச் சுரப்பியில் கட்டி என்றால் புற்று என்றே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சுரப்பி சிறுக்கச் சிறுக்கச் சந்தேகம் பெருக வேண்டும். குழந்தைகளுக்கு இந்தக் கட்டிகள் குறைவாகவே வரும், ஆனால் வந்தால் புற்றாக இருக்கும் பங்கு பெரியவர்களைவிட அதிகம்.

பரிசோதனையில் நீங்கள் எழுதாத இரண்டு விஷயம். வாயைத் திறந்து டான்சில் பக்கம் உள்ளே தள்ளியிருக்கிறதா பாருங்கள்; ஆழ்மடலில் (சுரப்பியில் முகநரம்புக்கு உள்பக்கமாக இருக்கும் பகுதி) வளரும் கட்டி வெளியே சின்னதாகத் தெரிந்து உள்ளே பெரிதாக இருக்கும். பிறகு தலைத்தோல், நெற்றி, காது மடலில் ஆறாத புண்ணோ பழைய அறுவைத் தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். தோல் புற்று பரோடிட்டுக்குள் இருக்கும் நெறிகளுக்கு வந்து, பரோடிட் கட்டி போலவே நிற்கும்.

ஸ்லைடு_வாசகர்

பெத்தாலஜி பக்கத்திலிருந்து. "ப்ளியோமார்ஃபிக் அடினோமா" என்று ஒற்றை வரியில் வரும் ரிப்போர்ட்டோடு திருப்தி அடையாதீர்கள். உமிழ்நீர்ச் சுரப்பி ஊசிச் சோதனை ரிப்போர்ட்டை வகுக்கும் மிலன் முறைப்படி எந்த வகுப்பு என்று கேளுங்கள். அந்த முறையில் ஆறு வகுப்புகள்; கீழே சொல்லும் எண்கள் 2018-இல் வந்த முதல் பதிப்பில் உள்ளவை. "சாதுவான கட்டி" வகுப்பில் புற்றாக இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே. "கட்டிதான், ஆனால் தன்மை நிச்சயமில்லை" என்ற வகுப்பில் சுமார் 35. "புற்று என்று சந்தேகம்" என்றால் சுமார் 60, "புற்று" என்றால் சுமார் 90. "போதிய செல் இல்லை" என்று வந்தால்கூட அங்கே 25 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். செல் வரவில்லை என்றால் பயமில்லை என்று பொருள் கொண்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் நான் பார்ப்பவற்றில் ஆபத்தானது.

ஊசி எங்கே தவறும்? முக்கியமாக மூன்று இடத்தில்.

பழைய அடினோமாவுக்குள் பிறந்த புற்று முதலில் ஒரு மூலையில்தான் இருக்கும். ஊசி மற்ற மூலையில் போனால் வருவது அச்சு அசல் அடினோமா. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ஊசி தொட்ட இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். 12 வருடக் கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே, தோற்றம் மாறியிருக்கும் பகுதியைத் தேர்ந்து குத்த வேண்டும். 23 அல்லது 25 கேஜ் ஊசி போதும், ஆனால் இரண்டு மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்தது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று. அதிலும் மெஜந்தா நிறத்தில் பொருள் தெரியும், அடினோமாவிலும் தெரியும். அடினோமாவில் அது நார்நாராக, ஓரம் கலைந்து, செல்களை உள்ளே இழுத்துக்கொண்டு இருக்கும். அடினாய்டு சிஸ்டிக்கில் ஓரம் தெளிவாக வெட்டிய உருண்டைகள், உள்ளே செல் இருக்காது, வெளியே சுற்றி நிற்கும். ஆல்கஹாலில் போட்ட ஸ்லைடுக்கான பாப் ஸ்டெயின் மட்டும் போட்டால் இந்த வித்தியாசம் மங்கிவிடும். காற்றில் உலர்த்திய ஸ்லைடில் கீம்சா வகை ஸ்டெயின் கட்டாயம் வேண்டும். ஆகவே குத்துபவர் எல்லா ஸ்லைடையும் ஆல்கஹாலில் போட்டுவிடக் கூடாது. பாதியை உலர விட்டு அனுப்புங்கள்.

மூன்றாவது, நீர் கோத்த கட்டி. குறைந்த தரநிலை மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்ற புற்றில் சளி மட்டும் வரும், செல் ஒன்றிரண்டு கூடக் கிடைக்காது. நீரை எடுத்த பிறகு மிச்சம் தட்டுப்படும் திடப் பகுதியில் மறுபடி குத்த வேண்டும்.

நம் ஊரில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பரோடிட்டுக்குள் இருக்கும் நெறியில் காசநோய் வந்தால் வெளியே கட்டி மாதிரியே இருக்கும். கிரானுலோமாவோ (காசநோயில் காணும் செல் திரள்) சீழோ வந்தால் அதே மாதிரியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ஏ.எஃப்.பி ஸ்டெயினும் ஜீன்எக்ஸ்பெர்ட்டும் கேளுங்கள். தேவையில்லாத ஒரு பரோடிட் அறுவை தப்பும்.

"ஊசி குத்தினால் பரவுமா" என்று கேட்பார்கள். மெல்லிய ஊசிப் பாதையில் கட்டி விதைபடுவது மிக மிக அபூர்வம். அதையும் கத்தியால் கீறி எடுக்கும் பயாப்ஸியையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

தாலுகா_டாக்டர்

மிக்க நன்றி, இருவருக்கும். ரிப்போர்ட் கொடுத்த லேபில் கேட்டேன்: பாப் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், அல்ட்ராசவுண்ட் இல்லாமல் ஒரே இடத்தில் குத்தியிருக்கிறார்கள். மறுபடி எடுக்க ஏற்பாடு செய்கிறேன். ஸ்கேன் என்றால் சி.டி. போதுமா, எம்.ஆர்.ஐ. வேண்டுமா? செலவைப் பார்க்க வேண்டிய குடும்பம். பெட் ஸ்கேன் எடுத்தால் புற்றா இல்லையா என்று நேரடியாகத் தெரியும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

படம்_பார்ப்பவர்

பெட் ஸ்கேனுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். வார்த்தின் கட்டி என்ற இன்னொரு சாதுவான பரோடிட் கட்டி அதில் பிரகாசமாக எரியும், ப்ளியோமார்ஃபிக் அடினோமாவும் பல சமயம் எரியும், சில புற்றுகள் மங்கலாகவே இருக்கும். வேறு புற்றுக்காக பெட் எடுத்து, பரோடிட்டில் தற்செயலாக ஒளிரும் புள்ளி பெரும்பாலும் சாதுவான கட்டியாகவே முடியும்.

முதலில் அல்ட்ராசவுண்ட். கருமையான, ஓரம் அலையலையான, பின்னால் ஒலி பிரகாசமாகத் தெரியும் கட்டி அடினோமாவுக்குப் பொருந்தும். கழுத்து நெறிகளையும் அதே அமர்வில் பார்த்துவிடலாம், ஊசியும் அப்போதே போட்டுவிடலாம். 12 வருடக் கட்டி, 3 செ.மீ-க்கு மேல் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பது நியாயம். சி.டி-யில் எலும்பும் சுண்ணாம்புப் படிவும் தெரியும், ஆனால் கட்டியின் உட்கூறும் நரம்பு வழிப் பரவலும் எம்.ஆர்.ஐ. அளவுக்குத் தெரியாது.

எம்.ஆர்.ஐ-யில் நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 படத்தில் நீர் போல வெள்ளையாக, சுற்றிலும் மெல்லிய கறுப்பு விளிம்போடு இருந்தால் பெரும்பாலும் அடினோமா. அந்த வெள்ளைக்குள் ஒரு பகுதி மட்டும் கருமையாகி, விளிம்பு அங்கே உடைந்து, டிஃப்யூஷன் படத்தில் ஏ.டி.சி. மதிப்பும் (திசுவுக்குள் நீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு) குறைந்தால், ஊசி போக வேண்டிய இடம் அதுதான். எச்சரிக்கை ஒன்று: பழைய அடினோமா நார்த்தன்மை அடைந்தும் கருமையாகும், வார்த்தின் கட்டியிலும் ஏ.டி.சி. தாழ்வாக இருக்கும். ஒரே அளவை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கான்ட்ராஸ்ட் ஏறும் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்போம். அடினோமா மெதுவாக ஏறிக்கொண்டே போகும், வார்த்தின் சட்டென்று ஏறிச் சட்டென்று வடியும், புற்று சட்டென்று ஏறி மெதுவாக வடியும்.

ரெஃபரல் சீட்டில் "ஸ்டைலோமாஸ்டாய்டு துளையிலும் ஃபோராமென் ஓவாலேயிலும் கொழுப்பு சரியாக இருக்கிறதா" என்று எழுதி அனுப்புங்கள். கட்டி நரம்பு வழியே மண்டையோட்டுக்குள் ஏறக்கூடிய துளைகள் அவை; கேட்டால்தான் அந்த இடங்களை மெல்லிய வெட்டாக எடுப்பார்கள். ஆழ்மடலுக்கும் அதே படமே பதில் தரும்.

பல்_மருத்துவர்

பல் மருத்துவர்களும் பொது மருத்துவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வாய்க்குள் வரும் கட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடின அண்ணமும் மென் அண்ணமும் சேரும் இடத்தில், நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமாக, வலியில்லாமல் மாதக்கணக்கில் இருக்கும் வீக்கத்தைப் பல்லில் வந்த சீழ்க்கட்டி என்று கீறிவிடுகிறார்கள். பக்கத்துப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று குளிர்ச் சோதனை செய்யுங்கள். பல் உயிரோடு இருந்தால் கட்டியை உமிழ்நீர்ச் சுரப்பிக் கணக்கில் பாருங்கள். நீலம் பாய்ந்து மெத்தென்று இருந்தால் மியூகோஎபிடெர்மாய்டு மனதில் வர வேண்டும்.

உதட்டில் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. கீழுதட்டில் வரும் மெத்தென்ற வீக்கம் பெரும்பாலும் உதட்டைக் கடித்ததால் வந்த சளிக்கட்டி. மேலுதட்டில் அது அபூர்வம், அங்கே உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டால் கட்டிதான் என்று எண்ணிப் பாருங்கள்.

பரோடிட் விதி அண்ணத்துக்குப் பொருந்தாது. அங்கே கட்டியின் நடுவிலிருந்து பஞ்ச் பயாப்ஸி எடுப்பது ஏற்ற முறைதான். எடுத்த இடத்தையும் சேர்த்துப் பின்னால் அகற்றிவிட முடியும். ஓரத்தில் எடுத்து நல்ல திசுவைக் கலைக்காதீர்கள்.

தாலுகா_டாக்டர்

இன்னும் மூன்று கேள்வி. அறுவைக்குப் பின் முகம் கோணிவிடும் என்ற பயம் அவர்களுக்குப் புற்றைவிடப் பெரிது; அதை நேர்மையாக எப்படிச் சொல்வது? ரிப்போர்ட்டில் புற்று என்று வந்துவிட்டால் அடுத்தது என்ன? இவரோடு வந்த மாமனாருக்கும் 74 வயதில் இரு பக்கமும் மெத்தென்ற வீக்கம், நாற்பது வருடம் பீடி, இதயம் பலவீனம். அவரையும் அனுப்பவா?

தலைகழுத்து_சர்ஜன்

முகநரம்பு. தற்காலிகப் பலவீனம் வருவது சகஜம். எவ்வளவு சுரப்பி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஐந்தில் ஒருவருக்கு, சில தொகுப்புகளில் அதற்கும் மேல். வாரங்களில் தொடங்கிச் சில மாதத்தில் திரும்பிவிடும். முதல் அறுவையில் நிரந்தரப் பலவீனம் சில சதவீதத்துக்குள்தான். திரும்பி வந்த கட்டியில் அது பல மடங்கு ஏறும். முகம் கோணிவிடும் என்று பயப்படுபவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுவே: முகத்தைக் காப்பாற்றச் சிறந்த வாய்ப்பு கட்டி சாதுவாக இருக்கும்போது நடக்கும் முதல் அறுவை. புற்றாகி நரம்புக்குள் நுழைந்தபின் நரம்பையே வெட்ட வேண்டி வரலாம்.

நரம்பைக் கண்டுபிடிக்க நிலையான அடையாளங்கள் உண்டு. காதுக்குள் போகும் குருத்தெலும்பின் முனையிலிருந்து சுமார் 1 செ.மீ. கீழே ஆழத்தில், காதுத் துளைக்குப் பின்னால் எலும்புகள் சேரும் டிம்பனோமாஸ்டாய்டு இடுக்கிலிருந்து 6 முதல் 8 மி.மீ. ஆழத்தில், டைகாஸ்ட்ரிக் தசையின் பின்வயிறு ஒட்டும் மட்டத்தில். நரம்பு மானிட்டர் வைத்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழாய் போட்டபின் தசைத் தளர்ச்சி மருந்து தொடர்ந்தால் மானிட்டர் ஊமையாகிவிடும். காதுமடல் மரத்துப்போவதைக் கட்டாயம் முன்பே சொல்லுங்கள், தோடு போடும்போது முதலில் அதைத்தான் கவனிப்பார்கள். சாப்பிடும்போது கன்னம் வியர்ப்பது ஃப்ரே கோளாறு. மாதங்கள் கழித்துத் தொடங்கும், தொந்தரவு அதிகமானால் பொட்டுலினம் ஊசிக்கு நன்றாக அடங்கும். தையலுக்கு அடியில் எச்சில் தேங்கினால் ஊசியால் எடுத்து அழுத்தக் கட்டுப் போட்டால் பெரும்பாலும் போதும். கண் மூடாத காலத்தில் பகலில் கண்ணீர்ச் சொட்டு, இரவில் ஆயின்ட்மென்ட், இமையை டேப் போட்டு மூடுதல். இதை விட்டால் கருவிழி புண்ணாகும், அது நரம்புப் பலவீனத்தைவிடக் கெடுதல்.

புற்று என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது, உறைக்குள்ளேயே இருக்கிறதா, எத்தனை மி.மீ. வெளியே போயிருக்கிறது என்பது. உறைக்குள் அடங்கியிருந்து முழுதும் எடுத்துவிட்டால் அதன் போக்கு கிட்டத்தட்ட அடினோமா போலத்தான். குறைந்த ஊடுருவலுக்கு முன்பு 1.5 மி.மீ. என்று எல்லை வைத்தார்கள், பின்னர் 4 முதல் 6 மி.மீ. வரை பேசப்படுகிறது; ஆகவே "குறைந்த ஊடுருவல்" என்ற சொல் போதாது, ரிப்போர்ட்டில் மி.மீ. எண் வேண்டும். அதிகம் ஊடுருவியிருந்தால் கழுத்து நெறிகளுக்கும் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகக்கூடிய நோய். உயர் தரநிலை, ஓரத்தில் கட்டி மிச்சம், நரம்பைச் சுற்றிய பரவல், நெறியில் பரவல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 60 கிரே அல்லது அதற்குச் சற்று மேல் கதிர்வீச்சு சேரும். அறுவைக்கு முன் நன்றாக வேலை செய்த நரம்பைக் கட்டி விழுங்கியிருக்காவிட்டால், புற்றிலும் விட்டு வைப்போம். சலைவரி டக்ட் கார்சினோமா என்ற உயர் தரநிலைப் புற்று வந்தால் ஹெர்2, ஆண்ட்ரோஜன் ஏற்பி ஆகிய புரதங்களுக்கு ஸ்டெயின் போடச் சொல்லுங்கள், பின்னால் மருந்து தேர்வுக்கு அது உதவும்.

மாமனாருக்கு வருகிறேன். இருபக்கம், புகை, வயதான ஆண், பரோடிட்டின் கீழ் வால்பகுதியில் மெத்தென்ற வீக்கம் என்றால் பெரும்பாலும் வார்த்தின் கட்டி. அது புற்றாவது மிக அபூர்வம், நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அல்ட்ராசவுண்ட் வழி ஊசி எடுத்து அது உறுதியானால் அறுவை தேவையில்லை, அந்த இதயத்தோடு நிச்சயமாக வேண்டாம். ஆனால் ஊசி எடுக்காமல் கண்ணால் பார்த்தே வார்த்தின் என்று முடிவு கட்டாதீர்கள். லிம்போமாவும் அப்படி நிற்கும். ஒரு பக்கம் வார்த்தின் என்று வந்ததால் மறுபக்கமும் அதுவே என்றும் எடுத்துக்கொள்ளாமல் இரண்டையும் குத்துங்கள்.

அறுவை தாங்காத யாரையும் கண்காணிப்பில் வைத்தால் முதல் வருடம் 6 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை, ஒரே கருவியில் நீளம், அகலம், ஆழம் மூன்று அளவும் எழுதி வையுங்கள். கையால் தடவி "அப்படியே இருக்கிறது" என்று எழுதினால் பயனில்லை. இடையில் உடனே வர வேண்டியவை: சில வாரத்தில் அளவு கூடுவது, புதிய வலி, முகத்தின் ஒரு கிளையாவது பலவீனமாவது, நகர்ந்த கட்டி நகராமல் போவது, கழுத்தில் நெறி. இதில் முகப் பலவீனம் வந்தால் "வாதம் அடித்துவிட்டது, தானாகச் சரியாகும்" என்று ஸ்டீராய்டு கொடுத்து ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். பரோடிட்டில் கட்டி இருக்கும் ஒருவருக்கு முகநரம்பு தளர்ந்தால் வேறு விதமாக நிரூபணமாகும் வரை அது புற்று. அந்த வாரமே அனுப்புங்கள்.

அந்த அம்மாவுக்கு அறுவை முடிந்து ரிப்போர்ட் சாதுவாகவே வந்தாலும் பத்து வருடத்துக்குக் குறையாமல் வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும். பெத்தாலஜி ரிப்போர்ட்டின் ஒரு பிரதியும் அறுவைக் குறிப்பின் ஒரு பிரதியும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். கட்டி உடைந்ததா, எந்த நரம்புக் கிளையை ஒட்டி, மேலே சுரப்பித் திசு இல்லாமல் உறை வெறுமையாக விடப்பட்டது என்பதெல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும், 2035-இல் பார்க்கும் சர்ஜனுக்கு வேறு வழியில் அது கிடைக்காது.